வலை கட்டாத சிலந்தி: காவிரிச் சமவெளியில் ஒரு தேடல் குறித்து

சிலந்தி தேடப் போகிறவர் காட்டுக்குப் போக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நம்மிடையே 'இயற்கை' குறித்த சொல்லாடல் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆனைமலை, அகத்தியமலை, அமைதிப் பள்ளத்தாக்கு. இந்தக் கணக்கின்படி காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இயற்கையே கிடையாது. கோடியக்கரையில் கொஞ்சம் காடு, முத்துப்பேட்டையில் கொஞ்சம் அலையாத்தி. மற்றதெல்லாம் வயல், வரப்பு, வாய்க்கால், மூங்கில் கொத்து, இடுகாடு. மனிதக் கை படாத ஒரு சாண் நிலம் இங்கே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நம்மூருக்கே உரிய ஒரு சிலந்தியைத் தேடுவது எப்படி, அது கண்ணில் படாமல் போவதற்கு யார் காரணம் என்பதைப் பற்றியது இக்கட்டுரை. சிலந்தி ஒளிந்துகொள்வதால் மட்டும் அது மறைவதில்லை; நம் சொற்களும் கதைகளும் கோட்பாடுகளும் சேர்ந்தே அதை மறைக்கின்றன என்பது என் கட்சி.

'அரிய சிலந்தி' என்றதும் எந்த மாதிரிக் கதை நமக்கு ருசிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கோடியக்கரையிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் ராமேஸ்வரம். அங்கே மரப்பொந்தில் வாழும் பெரிய உரோமச் சிலந்தி ஒன்றை 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆங்கிலேயர் விவரித்து, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரால் 'பொயசிலோதெரியா ஹனுமவிலாசுமிக்கா' என்று பெயர் வைத்தார். மிக அருகிவிட்ட உயிர் என்று உலகப் பட்டியலில் ஏறியது. பிறகு பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அது இருப்பது தெரியவந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தால் இந்தியன், அந்தப் பக்கம் இருந்தால் இலங்கையன் என்ற பாகுபாடு சிலந்திக்குத் தெரியாது போலிருக்கிறது. 2012-இல் இலங்கையின் வடபகுதியில் கிடைத்த இன்னொரு இனத்துக்கு ஒரு போலீஸ் அதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள். போர் முடிந்த நிலத்தில் ஆய்வாளர்களைக் கூட்டிப்போய்க் காட்டியவர் அவர். வெளிநாடுகளில் இச்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறவர்கள் உண்டு, விலையும் உண்டு. 2019-இல்தான் இந்தப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

அருமை, ஆபத்து, விலை, கோயில், போலீஸ் என்று ஒரு கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. நான் பேச வந்த சிலந்திக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. மண் நிறம், விரற்கடை நீளம்கூட வராது. நெல் வயலில் காலை வைத்தால் நாலு திசையிலும் ஓடும். நூலில் அதை 'ஓநாய்ச் சிலந்தி' என்கிறார்கள். கிரேக்கத்தில் ஓநாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். டெல்டாவில் ஓநாயை யார் பார்த்தது? நரிதான் உண்டு.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழில் 'சிலந்தி' என்பது உயிரையும் குறிக்கும், உடம்பில் வரும் கட்டியையும் குறிக்கும். குளத்துத் தண்ணீரால் வந்து காலைப் பிளந்துகொண்டு புழு வெளியேறும் வியாதிக்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். 2000-த்தில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சொல் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது. ஆக இந்தக் குறிப்பானுக்குள்ளேயே ஒரு அருவருப்பு படிந்திருக்கிறது. பழைய இலக்கியத்தில் 'சிலம்பி' உண்டு. பேச்சில் 'எட்டுக்கால் பூச்சி'. உயிரியல்காரர்கள் பூச்சிக்கு ஆறு கால்தான் என்பார்கள். எட்டுக்கால் பூச்சி என்பது அவர்கள் இலக்கணத்தில் வழு. உலகில் 50,000-க்கு மேல் சிலந்தி இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 1,800-க்கு மேல். நம் கையில் இரண்டு மூன்று சொல்.

தமிழுக்குக் கண் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் மழைக்கு மண்ணிலிருந்து வெல்வெட்டுத் துண்டு போலச் சிவப்பாக ஒன்று ஊர்ந்து வருமே, அதற்கு மூதாய், இந்திரகோபம், தம்பலப்பூச்சி என்று எத்தனை பெயர்! சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தில் அதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் எட்டுக்கால் உயிர்தான், சிலந்திக்குத் தூரத்து உறவு. சிவப்பாக இருந்தது, மழையோடு வந்தது, கார்காலத்து நினைவுக்கு ஒத்துவந்தது, பெயர் கிடைத்தது. வயல் சேற்றில் சேற்றின் நிறத்திலேயே ஓடுகிறது எந்தத் திணைக்குள்ளும் வரவில்லை. மருதத் திணையில் எருமை உண்டு, வாளை மீன் உண்டு, நண்டு உண்டு. இது இல்லை.

இனி நூல். தமிழில் நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். பஞ்சு நூலாவதை உவமையாக வைத்து நூலாக்கத்தைச் சொன்ன இலக்கண மரபு நம்முடையது. தமிழ் எம்.ஏ. படித்த யாருக்கும் இது பாடம். பிரெஞ்சில் ரோலன் பார்த் 1973-இல் எழுதிய 'பிரதியின் இன்பம்' நூலில் பிரதியை ஒரு நெசவாக, வலையாகக் காண்கிறார். தன் வலையைச் சுரந்துகொண்டே அதற்குள் கரைந்து போகும் சிலந்தியைப் போல எழுதுபவனும் பிரதிக்குள் கரைகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நம் சிறுபத்திரிகைகளில் இந்தச் சிலந்தி எத்தனையோ தடவை ஊர்ந்திருக்கிறது. ஆனால் வயலில் இறங்கிப் பார்த்தால் ஒரு சங்கடம். உலகத்துச் சிலந்திகளில் ஏறக்குறைய பாதி இனங்கள் இரை பிடிக்க வலையே கட்டுவதில்லை. ஓடிப் பிடிக்கின்றன, பாய்ந்து பிடிக்கின்றன, பதுங்கிப் பிடிக்கின்றன. நம் ஓநாய்ச் சிலந்தி அந்த ரகம். பிரதி இல்லாத சிலந்தியைப் பிரதிக் கோட்பாடு என்ன செய்யும்? வலையைக் கொண்டே சிலந்தியை அறிகிற பழக்கம் மொழியில் மட்டுமில்லை, தத்துவத்திலும் ஊறிப் போயிருக்கிறது. வலை இல்லாதது கண்ணுக்கும் படாது, கருத்துக்கும் படாது.

தொல்காப்பிய மரபியலின் அறிவு வரிசையையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். தொடு உணர்வு அடித்தட்டு, அது ஓரறிவு. கண் வரும்போது நாலறிவு. நண்டும் தும்பியும் அதற்கு எடுத்துக்காட்டு. மனம் உச்சி. வலைச் சிலந்தியோ இந்த ஏணியைத் தலைகீழாக்குகிறது. அதற்குக் கண் பேருக்குத்தான். இழையில் வரும் அதிர்வைக் காலால் தொட்டே வந்தது இரையா, காற்றா, ஆண் சிலந்தியா என்று தெரிந்துகொள்கிறது. ஓநாய்ச் சிலந்தி வேறு மாதிரி. வலை இல்லாததால் கண்ணை நம்பியாக வேண்டும். எட்டுக் கண். கீழ் வரிசையில் நாலு சிறியது, நடுவில் பெரியது இரண்டு, பின்னால் இரண்டு. இந்தக் கண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும், பின்னால் சொல்கிறேன்.

டெல்டாவுக்கென்று ஒரு சிலந்திப் புராணம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்கா. நாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி பந்தல் போல வலை கட்டுகிறது. தும்பிக்கையில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்யும் யானை, வலையை அழுக்கென்று அழிக்கிறது. சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் சாகின்றன. சிலந்தி சோழர் குலத்தில் கோச்செங்கணானாகப் பிறந்து, யானை ஏற முடியாதபடி உயர்ந்த தளத்தில் மாடக்கோயில்களைக் கட்டுகிறது. சிவனுக்கு எழுபது கோயில் எழுப்பியவன் என்று வைணவரான திருமங்கையாழ்வாரே சொல்கிறார். பெரியபுராணத்தில் அவர் ஒரு நாயனார்.

இதைப் பக்தியின் பெருமை என்று வாசித்து முடித்துவிடலாம். எனக்கு அதில் இரண்டு விஷயம் உறுத்துகிறது. கதைக்குள் நுழைய அனுமதி பெற்ற சிலந்தி வலை கட்டும் சிலந்தி. அதுவும் சிலந்தியாகவே இருந்து பலன் பெறவில்லை, ராஜாவாக மாறித்தான் பெறுகிறது. ராஜா கோயில் கட்டினான், கோயிலுக்கு நிலம் சேர்ந்தது, நிலத்தில் நெல் விளைந்தது. அந்த நெல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்த சிலந்தியை அன்றாடம் பார்த்தவர்கள் சேற்றில் நின்ற பள்ளர், பறையர் சாதிப் பெண்களும் ஆண்களும். அவர்கள் கோயிலுக்குள் காலெடுத்து வைப்பதை அனுமதிக்கும் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்குமாக வந்தது 1947-இல். மாடக்கோயிலின் படியில் தடுக்கப்பட்டது யானை மட்டுமில்லை.

இனித் தேடும் வழி. பகலில் தேடினால் ஓட்டம் மட்டும் தெரியும், சிலந்தி தெரியாது. அமாவாசையை ஒட்டிய இரவில், நட்டு ஒரு மாதமான வயலின் வரப்பில் டார்ச் லைட்டோடு நடக்க வேண்டும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் பிரயோசனமில்லை. நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். காரணம் எளிது. ஓநாய்ச் சிலந்தியின் பெரிய கண்களுக்குள் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. அது ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். நம் கண் அந்த வழியில் இருந்தால்தான் தெரியும். சரியாகப் பிடித்துவிட்டால், சும்மா சொல்லக் கூடாது, வயலெங்கும் பச்சையும் நீலமுமாகப் பொடிப்பொடியாய் மின்னும். பனித்துளி என்று தோன்றும். பனித்துளி ஓடாது.

கிட்டே போய்ப் பார்த்தால் முதுகின் முன்பகுதியில் கவைக்கோல் மாதிரி வெளிர்க்கோடு இருக்கும். பெண் சிலந்தி முட்டைப் பையை வயிற்று நுனியில், நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளை மூட்டையாகச் சுமந்து திரியும். குஞ்சு பொரித்ததும் அறுபது எழுபது குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். தண்ணீர் மேல் முழுகாமல் ஓடும். வயலில் சேறடித்துத் தண்ணீர் கட்டிய உடனேயே வரப்பிலிருந்து இறங்கி வந்துவிடும்; தீமை செய்யும் பூச்சிகள் பெருகுவதற்கு முன்பே அது வந்திருக்கும்.

இது தவிர நெல்லோலையில் இன்னொன்று இருக்கும், நீள்தாடைச் சிலந்தி. முன்கால் நாலையும் முன்னே நீட்டி, பின்கால்களைப் பின்னே நீட்டி, ஓலையோடு ஓலையாகப் படுத்துக்கொள்ளும். மூக்குக்கு நேரே இருந்தாலும் தெரியாது. சாயங்காலம் மெல்லிய வட்ட வலை கட்டும். மார்கழி விடியலில் பனி இறங்கியிருக்கும்போது வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால்தான் ஒரு வயலில் எத்தனை வலை என்பது விளங்கும்.

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சம்பா வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், முட்டை மூட்டையோடு ஓடிய சிலந்தியைக் காட்டி, "இதுக்கு என்னக்கா பேரு?" என்றேன். "பேரு என்னத்த பேரு, பூச்சிதான் தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "தண்ணி வுட்டா கால் மேல ஏறும். கடிக்காது. மூட்டையப் புடுங்கிட்டா அங்கயே சுத்திச் சுத்தித் தேடும், பாவம்" என்றார். முட்டைப் பை பறிபோன ஓநாய்ச் சிலந்தி அதைத் தேடி அலைவது சிலந்தியியலில் பதிவான நடத்தை. அவரிடம் பெயர் இல்லை, நடத்தை குறித்த அறிவு இருக்கிறது. நம்மிடம் பெயர் இருக்கிறது, மற்றது இல்லை. அவர் அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஏட்டில் ஏறியது எப்படி? 1900-த்தில் லண்டனில் ஆர்.ஐ. போகாக் பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்திகள், தேள்கள் பற்றிய தொகுதியை வெளியிட்டார். பாட்டிலில் அடைத்து அனுப்பப்பட்டவையே அவருக்கு ஆதாரம். நம் வயல் சிலந்திக்கு 'சூடோஅனுலாட்டா', அதாவது 'போலி வளையக்காரி', என்ற பெயர் 1906-இல் ஜப்பானியச் சிலந்திகள் பற்றிய ஒரு ஜெர்மன் நூலில் கிடைத்தது. அதே வயலில் வாழும் இன்னொரு பாயும் சிலந்தியின் பெயரில் ஜாவா இருக்கிறது. இவற்றில் எது சுதேசி? இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ், ஜப்பான் வரை, எங்கெல்லாம் நெல்லுக்குத் தண்ணீர் கட்டுகிறார்களோ அங்கெல்லாம் இந்த ஓநாய்ச் சிலந்தி உண்டு. அதன் தேசம் நெல் வயல். தேசியவாதிகள் மன்னிக்க வேண்டும்.

எஃப்.எச். கிரேவ்லி 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைமையில் இருந்தவர். 1924-இல் இந்திய ஓநாய்ச் சிலந்திகள் சிலவற்றைப் பற்றி எழுதினார். 1932-இல் டி.என். இராமச்சந்திரனோடு சேர்ந்து அருங்காட்சியகத்தின் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்கு அட்டவணை தயாரித்தார். ஒரே கை. திருமேனிகளைப் பற்றித் தமிழில் நூல்கள் வந்தபடி இருக்கின்றன. சிலந்திக் கட்டுரை அப்படியே கிடக்கிறது. கலை வரலாறு என்பது எதைப் பார்க்கச் சொல்கிறது, எதைக் கடந்து போகச் சொல்கிறது என்பதற்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது.

இப்போது மருந்துக்கு வருவோம். டெல்டாவில் பூச்சிக்கொல்லியை யாரும் விஷம் என்று சொல்வதில்லை. "மருந்து அடிச்சாச்சா?" என்பதுதான் கேள்வி. அதே ஊரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், "மருந்தக் குடிச்சிட்டாரு" என்பார்கள். பிளேட்டோவை வாசிக்கையில் தெரிதா ஒரு கிரேக்கச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது மருந்தாகவும் நஞ்சாகவும் ஒருசேர நின்று பிரதியைக் குலைப்பதை 1968-இல் காட்டினார். அதற்குக் கிரேக்கம் வரை போக வேண்டியதில்லை, பாபநாசம் உரக்கடை வாசலில் நின்றால் போதும். ஒரே சொல் பயிருக்கு உயிர், மனிதனுக்குச் சாவு. சிலந்திக்கு அது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சாவூருக்கு வந்தது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27, அடுத்து மணிலாவிலிருந்து ஐ.ஆர். 8. குட்டை ரகம், நெருக்க நடவு, யூரியா, மருந்து என்று எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தன. விளைச்சல் கூடியது உண்மை. கூடிய விளைச்சலில் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டது தொடர்பான மோதலில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. பசுமைப் புரட்சியின் பெருங்கதையாடலில் இந்த இரண்டாவது உண்மை அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. அடிக்குறிப்புக்கும் கீழே இருக்கிறது சிலந்தி.

1970-களில் ஆசியா முழுக்கப் புகையான் வெறியாட்டம் ஆடியது. கேரளத்துக் குட்டநாட்டில் 1973-74-இல் பெருஞ்சேதம். பழுப்பு நிறத் தத்துப்பூச்சி அது. தூரடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் நடுவே வட்டம் வட்டமாகப் புகைந்தது போலப் பயிர் காயும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். மருந்து அடித்தால் அடங்க வேண்டியது அடிக்க அடிக்கப் பெருகியது. பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர்கள் இதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். புகையான் முட்டையை இலையுறைத் திசுவுக்குள் வைக்கிறது, மருந்து அங்கே எட்டாது. வெளியே ஓடும் ஓநாய்ச் சிலந்தி முதல் அடியிலேயே சாகிறது. நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரை வரை பிடிக்கக் கூடியது அது. ஒரு வாரத்தில் பொரித்து வெளிவரும் புகையான் குஞ்சுகளுக்கு எதிரி இல்லாத வயல் காத்திருக்கிறது. புகையானுக்கு ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடியும். அந்த வேகத்துக்குச் சிலந்தி மீண்டு வர முடியாது. 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது இந்தப் பாடத்தைப் படித்துத்தான். இங்கே எண்ட்ரின் 1990-இல் போனது, பி.எச்.சி. 1997-இல், எண்டோசல்ஃபான் 2011-இல். ஒன்று போனால் இன்னொன்று புதுப் பெயரில் கடைக்கு வரும். நம்மாழ்வார் 2013-இல் சாகும்வரை ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசியது இதைத்தான்.

அதிகாரபூர்வ ஏட்டில் சிலந்திக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓரிடம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, தூருக்கு ஒரு புகையான் தென்பட்டால் மருந்து அடிக்கும் கட்டம் வந்துவிட்டது. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். இந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். புராணமும் இலக்கணமும் கோட்பாடும் கொடுக்காத இடத்தை ஒரு பயிர்ப் பாதுகாப்புக் குறிப்பு கொடுக்கிறது. குத்தை விலக்கிச் சிலந்தியைத் தேடிப் பார்ப்பதா வேண்டாமா என்பதில் ஒரு ஏக்கருக்கான மருந்துச் செலவும், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தெளிப்பானை முதுகில் சுமக்கும் கூலிக்காரரின் மூச்சும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நடைமுறையில் எண்ணிப் பார்ப்பவர் குறைவு. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கடனுக்குக் கொடுக்கிற கடைக்காரர் சொல்லிவிடுகிறார்.

எண்ணுவது கஷ்டமும் இல்லை. வயலுக்குள் குறுக்காக நடந்து இருபது குத்தை ஒவ்வொன்றாகச் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் பார்க்க வேண்டும். குத்தைத் தட்டினால் புகையான் தண்ணீரில் உதிரும், சிலந்தி தண்ணீர் மேலேயே ஓடி அடுத்த குத்தில் ஏறும். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் சிலந்தி வயலை விட்டுப் போய்விட்டதாகத் தோன்றும். வரப்புப் புல்லில் இருக்கும், வைக்கோல் போருக்கு அடியில் இருக்கும், உளுந்து தெளித்த தரிசு வயலின் வெடிப்புகளுக்குள் இருக்கும். குஞ்சுகள் ஒரு புல் நுனியில் ஏறி, பின்பகுதியைத் தூக்கி, ஒற்றை இழையைக் காற்றில் விட்டு அதைப் பிடித்தபடியே கிளம்பிவிடும். 1832-இல் டார்வின் போன கப்பலின் பாய்க்கயிற்றில், கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி, இப்படி ஆயிரக்கணக்கில் குஞ்சுச் சிலந்திகள் வந்து இறங்கின. வலை கட்டாத சிலந்திக்கு நூல் வேறு வேலைக்கு. மாசி மாதத்தில் காற்று அடங்கிய காலையில், வெயில் ஏறுவதற்கு முன் உளுந்து வயலோரம் குனிந்து பார்த்தால், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு, வரப்பிலிருந்து வரப்புக்கு, எதையும் பிடிக்காத ஒற்றை ஒற்றை இழைகள் சாய்வாக ஓடிக்கொண்டிருக்கும்.